ஒரு தாளுக்கு ஒரு பிள்ளையார் சுழி

1

இந்தக் கதை எனக்கு முறுக்குப் பொட்டலத்தில் கிடைத்தது. 1986-ல் ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் கைமுறுக்கு வாங்கினேன். சுற்றிக் கொடுத்த ரோஸ் தாள் ஒரு பழைய நோட்டீஸ். மேல்பாதி கிழிந்து போயிருந்தது. மிச்சமிருந்த பாதியில் தடித்த எழுத்தில் ‘கிட்டப் போனால் உதை’ என்று இருந்தது. அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும் செங்கோட்டையன்’ என்று இருந்தது.

உதைப்பேன் என்கிற மனிதர் எதற்காக ஊரையே வரவேற்கிறார்? முறுக்குக்காரரிடம் கேட்டேன். “அதுங்களா, அது ஒரு எருமை சமாச்சாரமுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். இந்தக் கதையில் உண்மை இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. என் சரக்கில் உப்புக் கூடியிருந்தால் முறுக்குக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

2

முதல் வரி எழுதவே எனக்கு நாலு நாள் ஆயிற்று.

ஆரம்பம் ஒன்று: ‘எருமை ஒருநாள் யோசிக்கத் தொடங்கியது.’ [வேண்டாம். எருமை யோசித்தால் கதையில் மற்றவர்களும் யோசிக்க வேண்டிவரும். அந்த வசதி இவர்களுக்கு இல்லை.]

ஆரம்பம் இரண்டு: ‘1979-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் மழை அளவு’ [அடச்சே.]

ஆரம்பம் மூன்று: ‘செங்கோட்டையன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, டைப்ரைட்டிங் கூடத்துக்குள் நுழைந்து, கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.’

இது பரவாயில்லை. ஒரு மனிதன் கும்பிட்ட கையோடு நின்றால், ஏன் நிற்கிறான் என்று கேட்க உங்களுக்கும் தோன்றும். பாக்கியநாதனுக்கும் தோன்றியது.

பாக்கியநாதன் அந்தக் கூடத்தின் சொந்தக்காரர். சேலத்திலிருந்து வந்து கடைவீதி மாடியில் மூன்று மெஷின்களைப் போட்டு, இரண்டில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். தமிழ் எழுத்து இருந்த மூன்றாவதை யாரையும் தொடவிட மாட்டார். மனு, விண்ணப்பம், புகார் எல்லாம் அதில்தான். எதையும் சுத்தமாக அடிப்பார். சுத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கதையே அந்தக் கர்வத்தால்தான் கெட்டது.

“உக்காருங்கண்ணா. என்ன விசயம்?” என்றார்.

“ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. மன்னாப்புக் கேட்டு ஒரு கடுதாசி போடோணும். எழுதிக் கொண்டாந்துட்டேன். ஆனா என் கையெழுத்து கோழி கிளறுனாப்புல இருக்குது. நீங்க மெசின்ல அடிச்சுக் குடுத்தா, படிக்கறதுக்காச்சும் படிப்பா.”

3

கோபத்தின் காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்துவைக்கிற அளவுக்கு அது பெரிய ரகசியம் இல்லை.

செங்கோட்டையனின் மனைவி சௌந்திரத்துக்குப் பிறந்த ஊர் வெண்ணந்தூர். மாமியார் பாவாயி மகளுக்குச் சீராக ஓர் எருமையும் கொடுத்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயரே எருமைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே வீட்டில் எருமையின் பெயர் வெண்ணந்தூர்க்காரி.*

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பால் கறவை பற்றி விசாரித்தார். செங்கோட்டையன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “அதையேனுங்க கேக்கறீங்க, வெண்ணந்தூர்க்காரி இப்பல்லாம் தின்னுபோட்டுப் படுத்துக்கறா. கிட்டப் போனா உதைக்கறா” என்றார். எதிர்ப்பந்தியில் பாவாயி இருந்தாள். அவள் மோரை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

சௌந்திரத்துக்கு அது எருமை என்று தெரியும். தெரிந்தும் எல்லோருக்கும் முன்னால் புருஷனிடம் போய், “எங்கம்மாவையா சொன்னீங்க?” என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவைச் சமாதானப்படுத்திவிடுவாள். செங்கோட்டையன் மாமியாரைப் பார்த்தார், எருமையை நினைத்துக்கொண்டார், சிரித்துவிட்டார். பக்கத்து இலைக்காரரும் சிரித்தார். பந்தியே சிரித்தது. சௌந்திரம் அன்று ஆட்டையாம்பட்டி பஸ் ஏறவில்லை.

(* முதலில் இதை அடிக்குறிப்பாக எழுதி, வீட்டில் சௌந்திரத்தையும் செல்லமாக வெண்ணந்தூர்க்காரி என்றுதான் கூப்பிடுவார் என்று சேர்த்திருந்தேன். மூன்று பேருக்கு ஒரே பெயர் என்றால் வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் அதை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.)

4

இப்போது அந்தக் கடிதம். செங்கோட்டையன் ஐந்தாவது வரை படித்தவர். பத்தி என்றால் விரல் அளவு இடம் விட்டுத் தொடங்குவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் நோட்டில் இடத்தை வெறுமனே விட அவருக்கு மனசு வராது. அதனால் வேறு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு விஷயம் முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். புது விஷயம், புது ஆரம்பம், ஆகவே புதுப் பிள்ளையார்.

அவர் எழுதியது இது. அப்படியே தருகிறேன்:

உ சௌந்திரத்துக்கு எழுதிக்கொண்டது. அன்றைக்குப் பந்தியில் நான் சிரித்தது தப்பு. நீ கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. உ அத்தைக்கு என் கும்பிடு. அவர்களை நான் ஒரு சொல் சொன்னவன் இல்லை. அவர்கள் என்னைப் பெற்றவளுக்குச் சமம். உ முன்னைப்போல் இல்லை. தீனிக்குக் குறைவில்லை, உடம்பு பெருத்துவிட்டது. கிட்டப் போனால் உதை. கொம்பு சீவ ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மூன்றாவது சுழிக்குப் பிறகு வருவது யார் என்று அவர் எழுதவில்லை. பெயரைச் சொல்லித்தானே இந்தப் பாடு, பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். சௌந்திரத்துக்குத் தெரியாதா என்ன.

பாக்கியநாதன் படித்துப் பார்த்தார். மன்னிப்பு நன்றாக இருந்தது. சுழிதான் கண்ணை உறுத்தியது. அவர் வீட்டுக் கடிதங்களில் தாளின் தலையில் ஒரு சின்னச் சிலுவை போடுவார்கள். ஒன்றே ஒன்று. சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் தாளுக்கு ஒரு தடவைதான் வருவார் என்பது அவர் கணிப்பு. நடுவில் வரும் இரண்டையும் அண்ணன் ஏதோ பதற்றத்தில் போட்டுவிட்டார் என்று முடிவு செய்தார். அடுத்தவர் சாமி விஷயம், கேட்டால் சங்கடப்படுவார். கேட்காமலேயே, தலையில் ஒரு உ-வை மரியாதையாக நடுவில் அடித்து, மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார்.

விஷயங்கள் ஒட்டிக்கொண்டன.

பாக்கியநாதன் மெஷினிலிருந்து தாளை உருவி ஊதினார். ஓரம் பிசகாமல், அடித்தல் இல்லாமல், செங்கல் வைத்ததுபோல் ஒரே கட்டியாக இருந்தது. செங்கோட்டையனுக்குப் பெருமை தாங்கவில்லை. படித்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு அனுப்பிவிட்டார்.

5

[ஐந்தாம் பகுதியாக, வெண்ணந்தூரில் பாவாயி கடிதத்தைக் கேட்கும் காட்சியை எழுதியிருந்தேன். மகள் படிக்கிறாள், தாய் பாக்கு வெட்டுகிறாள், ‘பெற்றவளுக்குச் சமம்’ என்ற இடத்தில் பாக்குவெட்டி கொஞ்சம் இளகுகிறது, அடுத்த வாக்கியம் வருகிறது... ஆனால் நான் பாக்கியநாதனோடு ஆட்டையாம்பட்டி மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து வெண்ணந்தூர் தெரியாது. ஆகவே இந்தப் பகுதி ஆறாம் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது.]

6

பத்தாம் நாள் செங்கோட்டையன் மறுபடி படியேறி வந்தார். இந்தத் தடவை கும்பிடவில்லை.

“வாத்தியாரே, பத்தி எங்கீங்க போச்சு?”

பாக்கியநாதன் அதைப் பக்தி என்று கேட்டார். அவர் மனசில் எடுத்துவிட்ட இரண்டு பிள்ளையாரும் முன்னால் வந்து நின்றார்கள். “அண்ணா, நான் வேதக்காரன்தான். ஆனா பக்திக் குறைச்சலா ஒண்ணும் செய்யலீங்க. ஒரு தாளுக்கு ஒரு சுழி போதும்னுதான் எடுத்தேன்” என்றார்.

“அது சுழி இல்லீங்க, வேலிங்க” என்றார் செங்கோட்டையன். “அந்தக் காடு வேற, இந்தக் காடு வேறன்னு நான் வேலி போட்டு வச்சிருந்தேன். நீங்க வேலியப் புடுங்கிப் போட்டீங்க. எருமை எங்கத்தை காட்டுக்குள்ள பூந்துருச்சு.”

பாக்கியநாதன் கார்பன் பிரதியை எடுத்துப் படித்தார். ‘அவர்கள் என்னைப் பெற்றவளுக்குச் சமம். முன்னைப்போல் இல்லை. தீனிக்குக் குறைவில்லை, உடம்பு பெருத்துவிட்டது.’ அதற்குமேல் வாய்விட்டுப் படிக்காமல், கொம்பு சீவும் இடத்தைக் கண்ணால் மட்டும் தாண்டினார். பன்னிரண்டு வருஷத் தொழிலில் அவர் ஓர் எழுத்துப் பிழை விட்டதில்லை. இதிலும் விடவில்லை. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

“அத்தை என்ன சொன்னாங்க?”

“ஆள் அனுப்பியிருக்குதுங்க. நாலு பேரு முன்னால பேசுனதுக்கு நாலு பேரு அறிய அச்சுல வரோணுமாம். இதே கடுதாசி. ஒரு எழுத்துக் கூட்டப்படாது, ஒரு எழுத்துக் கொறைக்கப்படாது. எது யாரப் பத்துனதுன்னு ஊரு பார்த்துச் சொல்லட்டும்னுட்டாங்க.”

“எருமைன்னு ஒரே ஒரு வார்த்தை...”

“கூட்டப்படாதுங்களே. அதுமில்லாம, அத்தைக்குப் போற தாள்ல அந்த வார்த்தை வந்துச்சுன்னு வைங்க, நான் இந்த ஜென்மத்துக்கு வெண்ணந்தூர் எல்லைய மிதிக்க முடியாது.”

“சௌந்திரம் என்ன சொல்லுதுங்க?”

செங்கோட்டையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அவ ஒண்ணுமே சொல்லலைங்க. அதாங்க பயமா இருக்குது. திட்டுனாலாவது பரவால்லீங்க. இப்ப ஊட்டுக்குள்ள போனா சத்தமே இல்லீங்க.”

7

அடுத்து அச்சகம் வருகிறது. அச்சுக்கோக்கும் யாகப்பனை இந்தக் கதையில் வைத்திருப்பதா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஒரே கடிதத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கெடுப்பது கொஞ்சம் அதிகமில்லையா? ஆனால் முறுக்குப் பொட்டலம் என் கையில் இருக்கிறது. அதை யாராவது அச்சடித்திருக்கத்தானே வேண்டும்.

பாக்கியநாதன் இந்தத் தடவை எச்சரிக்கையாகவே இருந்தார். மூன்று சுழிகளையும் மூன்று இடத்தில் தனித்தனியாக அடித்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, தானே யாகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் ஒரே மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். “இந்த மூணு எடத்துல பிரிக்கணும். மத்தபடி ஒண்ணும் செய்யாதே” என்றார்.

“என்னண்ணே, எனக்கே சொல்றீங்களா” என்றார் யாகப்பன்.

யாகப்பனுக்குத் தெரிந்த நோட்டீஸ் இரண்டு. கல்யாணம், கருமாதி. இரண்டிலும் கட்டியாக எதுவும் வராது. வரிக்கு வரி தனியாக, நடுவில் நிற்கும். அவரிடம் இருந்த பிள்ளையார் சுழி அச்சு ஒன்றே ஒன்று. அதைத் தலையில் வைத்தார். மற்ற வட்டங்களைப் பார்த்து, பிரிக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, வந்தது வரட்டும் என்று எல்லா வாக்கியத்தையும் பிரித்துவிட்டார். மாப்பிள்ளை பெயர் வரும் இடத்துக்குப் பெரிய எழுத்து வேண்டும். நடுவாக்கில் இருந்த சின்ன வாக்கியம் ஒன்றைத் தேடி அங்கே வைத்தார். அடிவரி முந்தின கல்யாணத்துக்குக் கோத்தது, கலைக்காமல் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினார்.

அவர் செய்தது எப்படி இருந்தது என்று காட்ட, இந்தக் கதையையும் கொஞ்ச நேரம் அவரிடமே கொடுத்துப் பார்க்கிறேன்.

முன்னைப்போல் இல்லை.

தீனிக்குக் குறைவில்லை, உடம்பு பெருத்துவிட்டது.

கிட்டப் போனால் உதை

கொம்பு சீவ ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேட்பவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

தங்கள் நல்வரவை விரும்பும்

செங்கோட்டையன்

போதும், யாகப்பன். திருப்பிக் கொடுங்கள்.

முன்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியதால் வந்த வினை, இப்போது எதுவும் எதோடும் ஒட்டாததால் வந்தது. வெண்ணந்தூர்ச் சந்தையில் நோட்டீஸ் பரவியது. அத்தை யார், எருமை யார் என்று ஊர் பார்த்துச் சொல்லவில்லை. ஊர் கிளம்பி வந்துவிட்டது. நல்வரவு என்று போட்டிருக்கிறதே. செங்கோட்டையன் வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து நின்று, எதையோ கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம் என்றார்கள். எதை என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒருவர் கொம்பு சீவுகிற கத்தியோடு வந்திருந்தார்.

[இங்கே எருமை அந்த ஏழெட்டுப் பேரையும் துரத்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுதும்போது செங்கோட்டையனை மறந்துவிட்டேன். அவர் கூட்டத்துக்குப் பின்னால், வீட்டு நிலையில் சாய்ந்து, நம்மோடு சேர்ந்து சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். சிரித்ததால்தானே அவள் போனாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

8

ஒரு வாரம் கழித்து வெண்ணந்தூரிலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. சௌந்திரத்தின் கையெழுத்து. செங்கோட்டையன் அதைப் பிரிக்காமல் மாடிக்குக் கொண்டுவந்து பாக்கியநாதனின் மெஷின்மேல் வைத்தார்.

“நீங்களே படிங்க. எனக்குக் கை ஓடலை.”

“அண்ணா, உங்க ஊட்டுக் கடுதாசி. நான் எப்படிங்க...”

“நீங்க ஆரம்பிச்சு வச்சதுதானுங்க. நீங்களே படிங்க.”

பாக்கியநாதன் பசை பிரித்தார். நீலத் தாள் முழுக்க ஓரம் விடாமல் எழுதியிருந்தது. சுழி இல்லை, பத்தி இல்லை, ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. ஊரில் மழை, தம்பிக்குக் காய்ச்சல் விட்டது, தறிக்கு நூல் வந்தது எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி இரண்டு வரிகள் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார். அவை இவை:

அம்மா நீங்கள் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவேன் என்கிறார்கள் நான் சொல்லவில்லை வரமாட்டேன் என்று எருமையிடம் சொல்லுங்கள்

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?”

“கண்ணாடியத் தொடைக்கறேனுங்க.”

துடைத்தார். துடைத்த கண்ணாடியிலும் அதுவேதான் தெரிந்தது. ‘நான் சொல்லவில்லை, வரமாட்டேன் என்று’ என்று படித்து நிறுத்தி, ‘எருமையிடம் சொல்லுங்கள்’ என்று முடித்தால், வரமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. செங்கோட்டையன் இப்போதே வெண்ணந்தூர் பஸ் ஏறலாம். ‘நான் சொல்லவில்லை’ என்று நிறுத்தி, ‘வரமாட்டேன் என்று எருமையிடம் சொல்லுங்கள்’ என்று படித்தால், கூப்பிடச் சொன்னது அம்மாதான், அவள் இல்லை. கூப்பிட்டும் பயனில்லை. எழுத்து அதேதான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

சௌந்திரம் எட்டாவது வரை படித்தவள். புள்ளி வைக்கத் தெரியாதவள் இல்லை. தாள் போதாமல் விட்டாளா, இல்லை எங்களுக்கு எங்கள் மருந்தையே கொடுத்தாளா என்று பாக்கியநாதனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. நான்தான் அவளை உண்டாக்கினேன், இருந்தும் என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

9

முடிவு ஒன்று: பாக்கியநாதன் நல்லதாகப் படிக்கிறார், செங்கோட்டையன் பஸ் ஏறுகிறார், அவள் வாசலிலேயே நிற்கிறாள். [பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருந்தது. பாக்கியநாதனுக்குப் பிடிக்கவில்லை. போன தடவையும் நல்லது என்று நினைத்துத்தான் இரண்டு சுழியை எடுத்தார்.]

முடிவு இரண்டு: அவர் கெட்டதாகப் படிக்கிறார், செங்கோட்டையன் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் [எழுத முடியவில்லை.]

முடிவு மூன்று: எருமை

[இல்லை.]

நடந்தது வரைக்கும் சொல்லிவிடுகிறேன். பாக்கியநாதன் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தார்.

“மறுக்கா படிங்க” என்றார் செங்கோட்டையன்.

மறுபடியும் ஒரே மூச்சில் படித்தார்.

“இன்னொருக்கா. மெதுவா படிங்க, சாமி. அவ எப்புடிச் சொல்லுவாளோ அப்புடிப் படிங்க.”

அவள் எப்படிச் சொல்லுவாள் என்று பாக்கியநாதனுக்குத் தெரியாது, அவளைப் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. உங்களுக்காவது அப்படி ஒருத்தி கோபித்துக்கொண்டு போயிருக்கலாம், எழுதியிருக்கலாம். அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்தாருங்கள் கடிதம். மேலே எட்டாம் பகுதியில், கடைசி இரண்டு வரி. வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும், மனசுக்குள் படித்தால் அவருக்குக் கேட்காது. பார்த்துப் படியுங்கள். அவர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டார்.